மஞ்சள் நூல் கட்டிய ஜாடி

பியாட்ரிஸ் கொண்டுவந்த ஜாடி மூன்று பாலித்தீன் பைகளுக்குள் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, மூன்றின் வாயையும் முடிந்திருந்தார். அதை மேசையின்மேல் வைத்துவிட்டு, வைத்த கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். உள்ளே இருப்பது அவரே தயாரித்த பொடி என்பதை அறியாதவர்கள், ஏதோ நச்சுப் பொருளைக் கொண்டுவந்திருக்கிறார் என்றே எண்ணியிருப்பார்கள்.

"இன்னும் திறந்து பாக்கலக்கா," என்றார். "தைரியம் வரல."

சங்கமித்ரா தலையசைத்தார். எடையளவுத் துறையில் முப்பத்தோர் ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். தங்கவயலில் பிறந்தவர், லிங்கராஜபுரத்தில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஓய்வுக்குப் பின் தராசுகள் வருவது நின்று, மனிதர்கள் வரத் தொடங்கினார்கள். தொலைந்த சாவியோ, திருவிழாவில் கைமாறிய நகையோ, எதுவாயினும் அவரிடம் கேட்டால் தெரியும் என்ற எண்ணம் அந்தத் தெருவில் பரவியிருந்தது. பரப்பியவர் சிரில்.

சிரில் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிகளைப் பழுதுபார்ப்பது தொழில். அன்று வெள்ளிக்கிழமை காலை, சங்கமித்ராவின் சமையலறையில் வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு இருபது நிமிடங்கள் போதும். வந்திருப்பது ஒரு வழக்கு என்று தெரிந்தால், அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பியாட்ரிஸ் சொன்னதன் சுருக்கம் இது. பதினோர் ஆண்டுகளாக, வீட்டின் பின்கட்டு அறையில் அவர் குளியல் பொடி, சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பொடி, ரசப்பொடி ஆகியவற்றைத் தயாரித்து விற்கிறார். துணைக்கு லட்சுமம்மா என்ற ஒரே ஒருவர். வைட்ஃபீல்டில் உள்ள ஓர் அடுக்ககம்தான் அவர்களுடைய பெரிய வாடிக்கை. பொருள்கள் கண்ணாடி ஜாடிகளில் போகும்; காலியான ஜாடிகள் திரும்பி வரும்; வெந்நீரில் கழுவி மீண்டும் நிரப்புவார்கள். கழுவும்போது உரிந்துபோவதால் ஜாடிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதில்லை. அதற்குப் பதிலாகக் கழுத்தில் நூல்: உடம்புக்குப் பூசுவதற்கு மஞ்சள், பாத்திரத்துக்கு நீலம், சமையலுக்குச் சிவப்பு. லட்சுமம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும்.

அந்த அடுக்ககத்தில் ஏழாவது மாடியில் வசிக்கும் வனஜாவின் வீட்டுக்குச் சென்ற வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை பொருள்கள் போயின. அடுத்த புதன்கிழமை, வனஜாவின் மகள் தீபிகா மஞ்சள் நூல் கட்டிய ஜாடியிலிருந்து பொடியை எடுத்துப் பன்னீரில் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டாள். அலுவலக அழைப்பு ஒன்று நீண்டதால் கால் மணி நேரம் கழுவவில்லை. இரண்டு கன்னங்களும் வெந்து தோலுரிந்துவிட்டன. மருத்துவர் களிம்பு கொடுத்தார். தழும்பு நிற்காது என்றும் சொன்னார். மிச்சப் பொடியுடன் ஜாடி பியாட்ரிஸிடமே திரும்பி வந்தது. ஆனால் முகத்தின் படம் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் ஏறியது. பியாட்ரிஸின் பொருள்களை இனி வளாகத்துக்குள் விடுவதா வேண்டாமா என்பதை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்யப்போகிறார்கள்.

"வியாபாரம் போனா போகட்டும்," என்றார் பியாட்ரிஸ். "லட்சுமம்மா வேலை ரூமுக்குள்ளயே வர மாட்டேங்குறா. அன்னைக்கு அவதான் நிரப்பினா. தன் கையாலதான் அந்தப் பொண்ணு முகம் வெந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு ஒரு வாரமா ஒழுங்கா சாப்பிடல. தப்பு எங்க கையிலன்னா மறைக்காம சொல்லிடுங்கக்கா. ஞாயித்துக்கிழமை நானே எழுந்து ஒத்துக்கிட்டு, எல்லாத்தையும் நிறுத்திடறேன். இல்லன்னா அதையும் சொல்லுங்க. அவளுக்குத் தெரியணும்."

சங்கமித்ரா பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். முக்கால் பாகம் நிறைந்த ஜாடி. கழுத்தில் மஞ்சள் நூல். அதை அவிழ்க்காமல், சற்று நேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்தார். பொடி மங்கிய மஞ்சளாக இருந்தது. மூடியின் உட்புறத்தில், ஈரம் பட்டிருந்த இடங்களில், கடுகளவான செந்நிறப் புள்ளிகள்.

"பன்னீரில் குழைத்தபோது என்ன நிறமாக இருந்ததாம்?"

"செங்கல் மாதிரி செவந்துச்சாம். செஞ்சந்தனம் போட்டிருக்கேன்னு நெனச்சு சந்தோஷமா பூசியிருக்கு பாவம். கொஞ்சம் நுரைச்சுதுன்னும் சொல்லிச்சு."

சிரில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். தண்ணீரைச் சோதிக்கும் தாள்கள் அவருடைய பெட்டியில் எப்போதும் இருக்கும். ஒரு சிட்டிகைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, தாளை நனைத்தார். தாள் கருநீலமானது. மீதிக் கரைசலைப் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினார்; ஒரு விரற்கடை உயரத்துக்கு நுரை எழுந்தது. தண்ணீரோ செங்கல் நிறம்.

"காரம்," என்றார் சிரில், தீர்ப்புச் சொல்லும் குரலில். "வாஷிங் சோடா. நுரை, பூந்திக்கொட்டை. பியாட்ரிஸக்கா, உங்க பாத்திரப் பொடியில வேற என்ன இருக்கு?"

"அது ரெண்டும்தான். கூட எலுமிச்சந்தோல்." பியாட்ரிஸின் குரல் இறங்கியது. "அப்ப இது பாத்திரப் பொடியா?"

"பாத்திரப் பொடியேதான். மஞ்சள் நூல் ஜாடியில மாத்திப் போட்டுட்டாங்க. கேஸ் முடிஞ்சுதுக்கா."

பியாட்ரிஸ் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கமித்ரா அந்தச் செங்கல் நிறத் தண்ணீரைச் சன்னலோரம் வைத்தார்.

"வடிகட்டி முடிந்ததா, சிரில்?"

"இல்லக்கா."

"அப்படியானால் அதை முடி. இது முடியவில்லை."

பியாட்ரிஸின் வீடு இரண்டு தெருக்கள் தள்ளி இருந்தது. பின்கட்டு அறையில் மூன்று அலமாரிகள். மஞ்சள், நீலம், சிவப்பு என ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நூற்கண்டு தொங்கியது. அறை வாசலுக்கு வெளியே, துணி துவைக்கும் கல்லின்மேல் லட்சுமம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். எழுந்து நின்றார், உள்ளே வரவில்லை.

அவரிடம் சங்கமித்ரா எதையும் விசாரிக்கவில்லை. லட்சுமம்மாதான் முந்திக்கொண்டார். பொருள்கள் போவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நாற்பது ஜாடிகள் நிரப்பினாராம். மின்சாரம் இரண்டு முறை போயிற்றாம். எந்த ஜாடியில் எதைப் போட்டோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தும், நினைவு வரவில்லையாம்.

"மாத்தித்தான் போட்டிருப்பேன், மேடம். ஞாபகம் இல்லையே. ஞாபகம் இல்லைன்னா என் தப்புதானே. நீங்க எழுதிக்குங்க."

"நான் எழுதிக்கொள்ள வரவில்லை. ஒரு காலி ஜாடிக்கு நூல் கட்டிக் காட்டுங்கள், போதும்."

லட்சுமம்மா தயங்கினார். பியாட்ரிஸ் ஜாடியையும் நூலையும் வெளியே கொண்டுவந்து கொடுத்தார். கே.ஆர். மார்க்கெட்டில் பதினைந்து ஆண்டுகள் பூக்கட்டிய விரல்கள் அவை. நூல் ஜாடியின் கழுத்தை மூன்று சுற்றுச் சுற்றியது; இரண்டு விரல்களில் வளையம் ஏறி, உள்ளே புகுந்து, இறுகியது. முடிச்சு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. பூச்சரம் போலத் தன் பிடியிலேயே தான் நின்றது. நாற்பதில் ஒன்றைக்கூட வேறு மாதிரி கட்டத் தம் கைக்கு வராது என்றார், அதையும் ஒரு குற்றம்போல.

பிறகு சங்கமித்ரா ஓர் ஆய்வு செய்தார். இரண்டு கிண்ணங்கள் கேட்டார். ஒன்றில் மஞ்சள் அலமாரியின் குளியல் பொடியும், இன்னொன்றில் நீல அலமாரியின் பாத்திரப் பொடியும். முதல் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை சலவைச் சோடாவைத் தாமே சேர்த்தார். இரண்டையும் தண்ணீரில் குழைத்தார். குளியல் பொடி பழுப்பாயிற்று. பாத்திரப் பொடி நனைந்த மண் நிறமாயிற்று. எதுவும் சிவக்கவில்லை.

"குளியல் பொடியில் என்ன மஞ்சள் போடுகிறீர்கள்?"

"கஸ்தூரி மஞ்சள்தான். சமையல் மஞ்சள் போட்டா முகத்துல கறை நிக்கும். அந்த டப்பாவ இந்த ரூமுக்குள்ளயே விடமாட்டேன்."

சங்கமித்ரா இரண்டு கிண்ணங்களையும் தாமே கழுவி வைத்தார். திரும்பும் வழியில் சிரில் பொறுமை இழந்து, என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். சிவக்க வேண்டிய இடத்தில் சிவக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்ததாகச் சங்கமித்ரா சொன்னார். 

சனிக்கிழமை காலை பையப்பனஹள்ளி வரை சிரிலின் ஸ்கூட்டர், அங்கிருந்து மெட்ரோ. வழி முழுவதும் சிரில் ஒரு புதிய கொள்கையை விளக்கிக்கொண்டே வந்தார். அந்த அடுக்ககத்தில் ரக்ஷா என்று ஒரு பெண். அவளும் வீட்டில் சோப்பும் பொடியும் தயாரித்து விற்கிறாள். தீபிகாவின் படத்தைக் குழுவில் ஏற்றியவளும் அவளே. பியாட்ரிஸ் வெளியேறினால் வளாகம் முழுவதும் அவள் கையில்.

"அவள் ஏழாவது மாடிக் குளியலறைக்குள் எப்படிப் போனாள்?" என்று சங்கமித்ரா கேட்டார்.

"அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும்," என்றார் சிரில்.

கதவைத் திறந்தவர் ரங்கநாதன், வனஜாவின் கணவர். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மெலிந்த, சுத்தமான மனிதர். வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு அணிந்திருந்தார். இடது காலை ஊன்றும்போது மட்டும் சிறிது யோசித்து ஊன்றினார். வாசலருகே பழைய செய்தித்தாள்கள் மாதவாரியாகக் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. சங்கமித்ரா தம் செருப்பைக் கழற்றுவதற்குக் குனிந்தவர், வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் குனிந்திருந்தார்.

வனஜா விரோதமாக நடந்துகொள்ளவில்லை, காயப்பட்டவராக நடந்துகொண்டார். மல்லேஸ்வரத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர். சனிக்கிழமைகளில் அங்கேயே இருந்துவிட்டு இரவுதான் திரும்புவாராம். இன்று இவர்கள் வருவதாகச் சொன்னதால் வகுப்பை விட்டிருக்கிறார். பொருள்கள் வந்த சனிக்கிழமை அவர் வீட்டில் இல்லை. ரங்கநாதன்தான் வாங்கி வைத்தாராம். இரவு வந்து பார்த்தபோது, குளியலறைத் தட்டில் மஞ்சள் நூல் ஜாடி இருந்ததைத் தம் கண்ணாலேயே கண்டாராம்.

"பியாட்ரிஸைப் பத்து வருஷமாத் தெரியும் மாமி. அதனாலதான் மனசு ஆறல," என்றார் வனஜா. "இன்னொண்ணும் சொல்றேன். சின்ன விஷயம். பாத்திரப் பொடியும் கேட்டிருந்தேன். அது வரவே இல்லை. அனுப்பிட்டேன்னு அவ சாதிக்கறா. இந்த ரெண்டு வாரமா கடை சோப்புக்கட்டிதான். கவனக்குறைவுன்னா எல்லாத்துலயும்தான் இருக்கும்."

ரங்கநாதன் சன்னல் திரையைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

தீபிகா தன் அறையிலிருந்து வந்து உட்கார்ந்தாள். கன்னங்களில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக ஏறியிருந்தது. ரக்ஷா ஒரு தோழிதான் என்றும், தன் அனுமதியுடன்தான் படத்தைப் போட்டாள் என்றும் சொன்னாள். சிரில் தம் குறிப்பேட்டில் எதையோ அடித்தார். எரிந்தபோதே ஏன் கழுவவில்லை என்று சங்கமித்ரா கேட்டார்.

"வேப்பிலை போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன் ஆன்ட்டி. நல்லது பண்றது எல்லாம் கொஞ்சம் எரியும்னு அம்மா சொல்லிண்டே இருப்பா."

"என் தலையிலயே போடு," என்றார் வனஜா.

குளியலறையைப் பார்க்க வேண்டும் என்றார் சங்கமித்ரா. அது மருத்துவமனைபோல் சுத்தமாக இருந்தது. தட்டுக்குக் கீழே தரையில் புதிய ரப்பர் விரிப்பு. அவர் அதைப் பாராட்டியதும், வனஜாவுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"எல்லாம் இவரோட கைங்கரியம். முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு டம்ளரைக் கழுவினதில்லை. பன்னண்டு நாளா தினம் காத்தால பெருக்கி, அலம்பி, விரிப்பு வாங்கிப் போட்டு… கேட்டா, வேலைக்காரி சரியாப் பண்றதில்லைங்கறார். வீட்டுக்குள்ள செருப்பு வேற. ஆணி வந்திருக்காம் கால்ல."

சங்கமித்ரா விரல்களை மடக்கி நாள்களை எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு நாள் என்றால் திங்கட்கிழமை. தீபிகா பொடி பூசியது புதன்கிழமை. பிறகு அவர், மாலை நான்கு மணிக்குப் பியாட்ரிஸும் லட்சுமம்மாவும் இங்கே வருவதற்கு அனுமதி கேட்டார். வனஜா யோசித்து, சம்மதித்தார். ரங்கநாதன், தமக்கு நான்கு மணிக்கு வங்கியில் வேலை இருப்பதாகச் சொன்னார். அன்று இரண்டாவது சனிக்கிழமை என்று மகள் நினைவுபடுத்தினாள்.

நான்கு மணிக்கு ஆறு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். லட்சுமம்மா நாற்காலியின் விளிம்பில், எழுந்து போவதற்கு வசதியாக உட்கார்ந்திருந்தார். சிரில் சன்னலோரம் நின்றார். நடுமேசையில் அந்த ஜாடி.

"இதில் இருப்பது பாத்திரம் தேய்க்கும் பொடி," என்று சங்கமித்ரா தொடங்கினார். லட்சுமம்மாவின் தலை தாழ்ந்தது. "அதில் சந்தேகம் இல்லை. காரத்தன்மையும் நுரையும் அதைச் சொல்கின்றன. ஆகவே, நிரப்பியவர் ஜாடியை மாற்றிவிட்டார் என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். நிரப்பியவருக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் நேற்று நான் பியாட்ரிஸின் பாத்திரப் பொடியைத் தண்ணீரில் குழைத்தேன். அது சிவக்கவில்லை. குளியல் பொடியில் சோடா கலந்து குழைத்தேன். அதுவும் சிவக்கவில்லை. கஸ்தூரி மஞ்சள் அப்படிச் சிவக்காது. செங்கல் நிறம் வர வேண்டுமானால் சலவைச் சோடாவோடு சமையல் மஞ்சள் சேர வேண்டும். சமையல் மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள்."

"ஆமாம்," என்றார் வனஜா, தம்மை அறியாமல்.

"பியாட்ரிஸின் வேலை அறைக்குள் சமையல் மஞ்சள் நுழைவதே இல்லை. ஆகவே, இந்தப் பாத்திரப் பொடி அங்கிருந்து புறப்பட்ட பிறகுதான் யாரோ அதில் மஞ்சள் கலந்திருக்கிறார்கள். தவறுதலாக நிரப்புகிறவர் நிறம் சேர்ப்பதில்லை. தாம் செய்தது தவறு என்பதே அவருக்குத் தெரியாது. நிறம் சேர்ப்பவர், இந்த ஜாடியில் இருக்க வேண்டிய பொடி மஞ்சளாக இருக்கும் என்று அறிந்தவர். மாறிவிட்டதை யாரும் கவனிக்கக் கூடாது என்று விரும்பியவர்."

சிரில் ரக்ஷாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, தீபிகாவைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"தீங்கு செய்யவும் ஒருவர் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் இந்த வீட்டுக்கு இரண்டு ஜாடிகள் புறப்பட்டன, மஞ்சள் நூலோடு ஒன்று, நீல நூலோடு ஒன்று. நீல நூல் ஜாடி வரவில்லை என்கிறார் வனஜா. அனுப்பினேன் என்கிறார் பியாட்ரிஸ். இருவருமே பொய் சொல்லவில்லை என்றால், அந்தப் பாத்திரப் பொடி இங்கே வந்தது. இதோ, மஞ்சள் நூலோடு நம் முன்னால் இருக்கிறது. காணாமற்போனது குளியல் பொடி. ஆக, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. இந்த வீட்டுக்குள் ஒரு நூல் இடம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது."

அவர் ஜாடியை முன்னால் நகர்த்தினார்.

"லட்சுமம்மா, இந்த நூலை நீங்கள் கட்டினீர்களா? தொட்டுப் பாருங்கள்."

லட்சுமம்மா எழுந்து வந்தார். விரல் நுனியால் தொட்டார். பிறகு குனிந்து பார்த்தார்.

"இல்ல," என்றார். இரண்டாம் முறை குரல் உரத்து வந்தது. "இது நான் கட்டினது இல்ல, பியாட்ரிஸம்மா. இது முடிச்சு."

சங்கமித்ரா முந்தைய நாள் பியாட்ரிஸிடமிருந்து வாங்கிவந்திருந்த காலி ஜாடியையும் ஒரு முழ நூலையும் பையிலிருந்து எடுத்தார். அவற்றை ரங்கநாதனின் முன்னால் வைத்தார்.

"சார், ஓர் உதவி. இதைக் கட்டித் தருகிறீர்களா?"

ரங்கநாதன் நூலை எடுத்தார். மறுப்பதற்குக் காரணம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. நூல் சுற்றி வந்தது. ஒரு முனை மடிந்து கண்ணியாயிற்று. கண்ணி மற்ற முனையின் கீழ் செருகப்பட்டுத் தட்டையாகப் படிந்தது. அரசு அலுவலகங்களில் கோப்புகளின்மேல் நாடா அப்படித்தான் படிந்திருக்கும். இறுக்கமாக நிற்கும், ஒரே இழுப்பில் அவிழும். முப்பத்தாறு ஆண்டுகள் செய்த வேலையைக் கை தானாகவே செய்தது. முடித்த பிறகுதான் அவர் அதைப் பார்த்தார். அடுத்து மேசைமேல் இருந்த ஜாடியைப் பார்த்தார். இரண்டும் ஒரே கோப்பின் இரண்டு பாகங்கள்போல் இருந்தன.

"வாசலில் செய்தித்தாள் கட்டுகளிலும் இதே முடிச்சு," என்றார் சங்கமித்ரா மெதுவாக. "நானும் அரசு ஊழியர்தான் சார். எனக்குத் தெரியாமல் போகுமா?"



"துண்டை எடுக்கறச்சே கை பட்டுடுத்து," என்றார் ரங்கநாதன். யாரையும் பார்க்காமல் பேசினார். "திங்கட்கிழமை. ஆத்துல யாரும் இல்லை. ஜாடி தூள்தூளாப் போயிடுத்து, பொடி பூரா கண்ணாடி. அப்படியே அள்ளிக் குப்பையில போட்டேன். கால்ல ஒரு சில்லு ஏறிடுத்து. அன்னிக்கு வாங்கினதுல இன்னொரு ஜாடி பின்பக்க பால்கனியிலேயே இருந்தது, நான்தான் அங்க வெச்சிருந்தேன். ஒரே ஜாடி, ஒரே கடை. நூல் கலர் அழகுக்குன்னு நெனச்சேன். உடைஞ்ச ஜாடியோட மஞ்ச நூலை எடுத்து இதுல கட்டினேன். பொடி கொஞ்சம் வெளுப்பா இருந்துது. சமையலுள்ளே போய் ரெண்டு ஸ்பூன் மஞ்சப்பொடி…"

"ஏன்னா," என்றார் வனஜா. கேள்வியாகவும் இல்லை, விளியாகவும் இல்லை.

"உடைச்சேன்னு சொன்னா நீ ஒரு மாசம் சொல்லிக் காட்டுவேன்னுதான். அவ்வளவுதான் காரணம். வேற ஒண்ணும் இல்லை."

"புதன்கிழமை அன்னிக்கு?" என்று தீபிகா கேட்டாள். அவள் குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரிக்கு நீதானே அப்பா கூட்டிண்டு போனே. என்ன போட்டுண்டேன்னு டாக்டர் கேட்டாரே. பக்கத்துலதானே நின்னுண்டிருந்தே."

ரங்கநாதன் தாம் கட்டிய முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தார். நூல் மேசைமேல் விழுந்தது.

"முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினதில்லை," என்றார். "எப்படி ஒத்துக்கறதுன்னு எனக்குத் தெரியலைம்மா. பழக்கம் இல்லை."

 அடுத்துப் பேசியவர் லட்சுமம்மா. அவர் ரங்கநாதனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில்லு வெளிய வந்துடுச்சா, சாமி?"

வரவில்லை என்றார் அவர். டாக்டரிடம் காட்டினால் எப்படி ஆயிற்று என்று கேட்பாரே என்று காட்டவில்லையாம். லட்சுமம்மா பியாட்ரிஸைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்க நியாயம் இருந்தது. ஆனால் ஒரு வாரத்துக்குப் பின் முதல்முறையாக அவருக்குப் பசித்தது. அதை அவர் அடுக்ககத்தின் மின்தூக்கியில் இறங்கும்போது வெளிப்படையாகவே சொன்னார்.

மெட்ரோ நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் நால்வரும் இட்லி சாப்பிட்டார்கள். லட்சுமம்மா ஆறு. பியாட்ரிஸ் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப எங்க கையில தப்பு இல்ல," என்றார், கேட்பதுபோல.

"மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள்," என்றார் சங்கமித்ரா. "லட்சுமம்மாவின் கையில் இல்லை. உங்கள் கையில் கொஞ்சம் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது கட்டியவருக்கு மட்டும் தெரிந்த ஜாடி, அடுத்த வீட்டுக்குப் போனதும் வெறும் ஜாடிதான். முப்பத்தோர் ஆண்டுகள் நான் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்டது ஒன்றுதான்: உள்ளே இருப்பதன் பெயர் வெளியே எழுதியிருக்கிறதா? ஆறு ஆண்டுகளாக உங்களிடம் ரசப்பொடி வாங்குகிறேன். உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது."

பியாட்ரிஸ் இட்லியைப் பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைச் சங்கமித்ரா நேரில் பார்க்கவில்லை. ரக்ஷா சிரிலுக்கு அனுப்பிய படத்தில் பார்த்தார். சிரிலிடம் ரக்ஷாவின் எண் எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. படத்தில் இருந்தது ரங்கநாதன் அடுக்ககச் சங்கத்துக்கு எழுதிய கடிதம். பொருள், பார்வை, நாள் என அனைத்தும் முறைப்படி இருந்தன. மேற்படி ஜாடியை உடைத்ததும், மேற்படி பொடியை மாற்றியதும், பத்து நாள்கள் வாய் திறவாமல் இருந்ததும் கீழே கையொப்பமிட்டிருப்பவரே என்றும், திருமதி பியாட்ரிஸ், திருமதி லட்சுமம்மா ஆகிய இருவரும் இதற்கு எவ்வகையிலும் பொறுப்பல்லர் என்றும் அதில் கண்டிருந்தது. எழுந்து நின்று தாமே படித்தாராம். பியாட்ரிஸின் பொருள்களுக்குத் தடை வேண்டாம் என்று முடிவாயிற்றாம். சில்லை எடுத்த இடது காலில் கட்டு இருந்ததாம். தீபிகா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். அவரோடு இன்னும் பேசவில்லையாம்.

திங்கட்கிழமை காலை சங்கமித்ரா ரசப்பொடி வாங்கப் போனார். லட்சுமம்மா வேலை அறைக்குள் இருந்தார். பியாட்ரிஸ், கழுவினால் அழியாத எழுதுகோலால் ஒவ்வொரு ஜாடியின் வயிற்றிலும் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். எழுதிய ஜாடிகள் ஒவ்வொன்றாக லட்சுமம்மாவிடம் போயின. அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கி, தம்மால் படிக்க முடியாத அந்த மூன்று வரிகளையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு உரிய நிற நூலை எடுத்து, மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சில்லாமல் கட்டினார்.